சாயம் பூசிய நீமோ: 1916ஆம் ஆண்டுக் கடல் படத்தில் இந்தியர் எங்கே?

ஜூல்ஸ் வெர்ன் நாவலில் நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கியை ஓட்டும் கேப்டன் நீமோ என்றதும் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருபவர் ஜேம்ஸ் மேசன்தான். 1954இல் டிஸ்னி எடுத்த படத்தில் கறுப்புத் தாடியோடு ஆர்கன் வாசிக்கும் அந்த ஆங்கிலேய நடிகர். அதைப் பார்த்து வளர்ந்த ஒருவரிடம் "நீமோ ஒரு இந்தியர், திப்பு சுல்தானின் உறவுக்காரர்" என்று சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார். நானும் முதலில் நம்பவில்லை. டிஸ்னி படம் நீமோ எந்த நாட்டுக்காரர் என்பதைச் சொல்லாமலே முடிந்துவிடுகிறது.

ஆனால் அதற்கு 38 ஆண்டுகளுக்கு முன்பே, பேச்சில்லாத காலத்தில், ஒரு ஹாலிவுட் படம் இதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. 1916இல் யூனிவர்சல் நிறுவனம் வெளியிட்ட 'டுவென்டி தவுசண்ட் லீக்ஸ் அண்டர் த சீ'. இயக்கியவர் ஸ்டூவர்ட் பேட்டன். இதில் நீமோ ஓர் இந்திய இளவரசர், பெயர் தாகர். கதையின் முடிச்சு அவிழும் இடம் இந்தியா. பெரும்பொருட்செலவில் எடுத்த ஓர் அமெரிக்கக் கடல் சாகசப் படத்தின் நடுநாயகமாக ஓர் இந்தியர் நிற்கிறார். ஆனால் அவராகவும் அவர் மனைவியாகவும் மகளாகவும் நடித்தவர்களில் ஓர் இந்தியர்கூட இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் புரியும்.

முதலில் நீமோ எப்படி இந்தியரானார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நீமோவைப் படைத்த பிரெஞ்சு நாவலாசிரியர் ஜூல்ஸ் வெர்ன் முதலில் மனத்தில் வைத்திருந்தது ஒரு போலந்துப் பிரபுவை. 1863இல் போலந்து எழுச்சியை ரஷ்யா நசுக்கியபோது குடும்பத்தை இழந்தவராக அவரைப் படைக்க நினைத்தார். ரஷ்யாவில் வெர்னின் புத்தகங்கள் நன்றாக விற்றுக்கொண்டிருந்தன. பதிப்பாளர் எட்செல் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் 1870இல் முழுமையாக வந்த 'டுவென்டி தவுசண்ட் லீக்ஸ்' நாவலில் நீமோவுக்கு நாடே இல்லை. லத்தீனில் நீமோ என்றால் 'யாருமில்லை'. பிறகு 1875இல் முடிந்த 'மர்மத் தீவு' நாவலில்தான் வெர்ன் மர்மத்தை உடைத்தார். நீமோ பந்தேல்கண்ட் ராஜாவின் மகன், திப்புவின் உடன்பிறந்தார் மகன், ஐரோப்பாவில் படித்தவர், 1857 எழுச்சியின் உயிர்நாடியாக இருந்தவர். இருபது மோதல்களில் பத்து முறை காயம்பட்டவர். குடும்பத்தை இழந்து, நிலத்தை வெறுத்து, கடலுக்குள் போனவர். ரஷ்யாவுக்குப் பதில் பிரிட்டன், போலந்துக்குப் பதில் இந்தியா என்று மாற்றிக்கொண்டார் என்றும் பார்க்கலாம். ஆனாலும் ஒரு பிரெஞ்சுக்காரர் 1857இன் தோற்றவர்களுக்குத் தன் ஆகப்பெரிய கதாபாத்திரத்தைக் கொடுத்தார் என்பது சின்ன விஷயமல்ல.

அப்புறம் அந்தக் கதாபாத்திரம் ஆங்கிலத்துக்குப் போனது. இங்கேதான் எனக்கு இந்தப் படத்தின் மேல் ஆர்வம் பிடித்தது.

'மர்மத் தீவு' ஆங்கிலத்தில் பரவியது கிங்ஸ்டன் என்ற ஆங்கில எழுத்தாளர் பெயரில் வந்த லண்டன் மொழிபெயர்ப்பின் வழியாக. அதில் நீமோவின் வரலாறு வரும் அத்தியாயத்தை மாற்றி எழுதிவிட்டார்கள். ஆங்கிலேயர் இந்தியாவைக் குழப்பத்திலிருந்தும் ஓயாத போர்களிலிருந்தும் மீட்டு அமைதியும் செழிப்பும் தந்தார்களாம். அறியாமையிலும் மூடநம்பிக்கையிலும் கிடந்த மக்கள் சூழ்ச்சிக்காரத் தலைவர்களின் கைப்பாவையாக எழுந்தார்களாம். வெர்ன் எழுதியது இதுவல்ல. நியாயம் மீண்டும் ஒருமுறை பலத்தின் முன் வீழ்ந்தது என்பதுதான் அவருடைய பார்வை. மொழிபெயர்ப்பு அதைத் தலைகீழாக்கியது.

சரி, படத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? படத்தின் திரைக்கதை இரண்டு நாவல்களையும் கலந்து செய்தது. பலூனில் தீவுக்கு வந்து விழும் அமெரிக்கர்களின் பெயர்களைக் கவனியுங்கள். பிரெஞ்சு மூலத்தில் தலைவர் பெயர் சைரஸ் ஸ்மித். கிங்ஸ்டன் மொழிபெயர்ப்பில் அவர் சைரஸ் ஹார்டிங் ஆகிறார். படத்திலும் ஹார்டிங்தான். மூலத்தின் ஹார்பர்ட், ஆங்கிலத்தில் ஹெர்பர்ட், படத்திலும் ஹெர்பர்ட். நாப் என்ற கறுப்பினத்தவர் பெயர் நெப் என்று மாறியது, படத்திலும் நெப். அதாவது ஹாலிவுட்டின் கைக்குக் கிடைத்த நீமோ, ஏற்கெனவே லண்டனில் பல் பிடுங்கப்பட்ட நீமோ. பெயர்களே சாட்சி சொல்கின்றன.

படம் அதற்கு மேலும் ஒரு படி போனது. கதை இப்படி: கடல் பூதம் ஒன்று கப்பல்களைத் தாக்குகிறது என்று ஆபிரகாம் லிங்கன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் தேடிப் புறப்படுகிறது. பூதம் என்பது நாட்டிலஸ் நீர்மூழ்கிதான். அதில் மோதிக் கடலில் விழும் பேராசிரியர் அரோனாக்ஸ், அவர் மகள், ஈட்டி எறியும் நெட் லேண்ட் ஆகியோரை நீமோ ஏற்றிக்கொள்கிறார். இன்னொரு பக்கம் மர்மத் தீவில் தனியாக வளர்ந்த ஒரு பெண். 'இயற்கையின் குழந்தை' என்றுதான் பட்டியலில் அவளுக்குப் பெயர். மூன்றாவது பக்கம் டென்வர் என்ற முன்னாள் கடல் வணிகர். பல ஆண்டுகளுக்கு முன் தன்னால் செத்த ஓர் இந்திய இளவரசியின் ஆவி துரத்துவதுபோல் மனம் பேதலித்து, படகேறித் தீவுக்கு வருகிறார். முடிவில் எல்லாம் ஒன்று சேர்கின்றன. டென்வர் இளவரசியை அடைய நினைத்தவர். அவள் தன்னையே குத்திக்கொண்டு இறந்தாள். குழந்தையை அவர் தூக்கிக்கொண்டு ஓடினார். அந்தக் குழந்தைதான் தீவுப் பெண். அந்தக் கணவர்தான் நீமோ.

டென்வர், இளவரசி, தொலைந்த மகள் எல்லாமே படத்துக்காகச் சேர்த்தவை. வெர்னிடம் இல்லை. இந்தச் சேர்க்கையால் நடந்தது என்னவென்று பாருங்கள். நாவலில் நீமோவின் எதிரி ஒரு பேரரசு. படத்தில் நீமோவின் எதிரி ஒரு காமுகன். பேரரசுக்கு எதிரான கோபம் ஒரு மனிதன் மீதான பழிவாங்கலாகச் சுருங்கிவிட்டது. டென்வரின் படகை நாட்டிலஸ் டார்பிடோ விட்டு மூழ்கடித்ததும் கணக்கு தீர்ந்தது. மகள் கிடைத்தாள், நீமோ நிம்மதியாகச் சாகலாம். ஒரு நாட்டின் இழப்புக்கு இப்படி எளிதான முடிவு கிடையாது.

தயாரிப்பாளர்கள் பிரிட்டனுக்கு அஞ்சி இப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. மௌனப்படத்துக்கு இளவரசி, வில்லன், தொலைந்த குழந்தை என்ற நாடகம் வசதியானது. அந்தக் காலத்து மேடை நாடகங்கள் எல்லாம் அப்படித்தான். ஆனால் காலச்சூழலையும் மறக்கக் கூடாது. அடுத்த ஆண்டே, 1917இல், ராபர்ட் கோல்ட்ஸ்டீன் என்ற தயாரிப்பாளர் அமெரிக்கச் சுதந்திரப் போரைப் பற்றிய படத்தில் பிரிட்டிஷ் படையினரின் கொடுமைகளைக் காட்டினார். அமெரிக்கா அப்போது பிரிட்டனோடு சேர்ந்து போரில் இறங்கியிருந்தது. படம் பறிமுதலானது, அவருக்குப் பத்தாண்டு சிறைத்தண்டனை விதித்தார்கள். பிறகு அதைக் குறைத்தார்கள் என்றாலும், அமெரிக்காவின் சொந்தப் புரட்சியைப் படமெடுத்ததற்கே அந்தக் கதி.

இனி முகங்களுக்கு வருவோம். நீமோவாக நடித்தவர் ஆலன் ஹோலுபார், சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த வெள்ளையர். முகத்தில் கருஞ்சாயம், நரைத்த தாடி, கீழைநாட்டு உடை. தீவுப் பெண்ணாகவும், முன்கதையில் அவள் தாயான இளவரசியாகவும் இரட்டை வேடம் போட்டவர் ஜேன் கெயில். இவரும் வெள்ளையர், இவருக்கும் சாயம். அன்றைக்கு இது பெரும்பாலோருக்கு உறுத்தவில்லை. முந்தைய ஆண்டு 1915இல்தான் கிரிஃபித்தின் படம் ஒன்றில் வெள்ளை நடிகர்கள் கரிபூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கொடியவர்களாகக் காட்டி, நாடு முழுக்கக் கொண்டாட்டமும் போராட்டமும் நடந்திருந்தன.

தீவுப் பெண்ணின் சாயத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பலூனில் வந்த லெப்டினன்ட் பாண்டுக்கும் அவளுக்கும் காதல் மலர்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் மணந்துகொள்வது அப்போது சட்டப்படி குற்றம்; சில மாநிலங்கள் ஆசியர்களையும் அந்தத் தடையில் சேர்த்திருந்தன. திரையில் அந்தக் காதலைப் பார்வையாளர்கள் நிம்மதியாக ரசிக்க முடிந்ததற்கு ஒரு காரணம், சாயத்துக்கு அடியில் இருப்பவர் ஜேன் கெயில் என்று எல்லாருக்கும் தெரியும் என்பதுதான். உண்மையான ஓர் இந்தியப் பெண் அந்த இடத்தில் நின்றிருந்தால் கதையே வேறு.

உண்மையான இந்தியர்கள் அமெரிக்காவில் அப்போது இல்லாமல் இல்லை. மேற்குக் கரையில் மரம் அறுக்கும் ஆலைகளிலும் பண்ணைகளிலும் ஆயிரக்கணக்கான பஞ்சாபிகள் உழைத்துக்கொண்டிருந்தார்கள். சீக்கியரோ முஸ்லிமோ, பத்திரிகைகள் எல்லாரையும் 'இந்து' என்றே எழுதின. 1907 செப்டம்பரில் வாஷிங்டன் மாநிலத்துப் பெல்லிங்ஹாம் ஊரில் ஒரு வெள்ளையர் கும்பல் அவர்களை அடித்து விரட்டியது. 1914இல் கோமகட்டா மாரு கப்பல் 376 பயணிகளோடு கனடாவின் வான்கூவர் துறைமுகத்தில் இரண்டு மாதம் நின்றது. மிகச் சிலரைத் தவிர யாரையும் இறங்க விடாமல் திருப்பி அனுப்பினார்கள். அதுவும் கடல் கதைதான். பேரரசு துரத்த, எந்தக் கரையும் ஏற்காத இந்தியர்களின் கதை. ஆனால் அதில் நீர்மூழ்கியும் இல்லை, முத்துப் பெட்டியும் இல்லை.

இன்னும் நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். ஹோலுபார் பிறந்த அதே சான் பிரான்சிஸ்கோவில் 1913இல் கதர் இயக்கத்தின் பத்திரிகை அச்சாகத் தொடங்கியது. கதர் என்றால் கலகம். 1857ஐ மீண்டும் நடத்திக்காட்டுவோம் என்று எழுதிய உண்மையான தாகர்கள் அந்த ஊரிலேயே இருந்தார்கள். யூனிவர்சல் அவர்களைத் தேடிப்போய் நடிக்க வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் படம் 1916 டிசம்பர் இறுதியில் நியூயார்க்கில் வெளியாகி ஆறே வாரத்தில், 1917 பிப்ரவரி 5 அன்று, அமெரிக்க நாடாளுமன்றம் அதிபர் வில்சனின் மறுப்பையும் மீறி ஒரு குடியேற்றச் சட்டத்தை நிறைவேற்றியது. இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதியைத் தடைசெய்த மண்டலமாக அறிவித்த சட்டம் அது. திரையரங்கில் இந்திய இளவரசருக்காகக் கண்கலங்கியவர்களின் நாடு, அவரது மக்களை உள்ளே விடவில்லை.

இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் கொண்டாடுவது அதன் கடலடிக் காட்சிகளை. அது நியாயமும்கூட. வர்ஜீனியாவின் நார்ஃபோக்கைச் சேர்ந்த ஜான் எர்னஸ்ட் வில்லியம்சன், ஜார்ஜ் வில்லியம்சன் சகோதரர்கள், தங்கள் அப்பா உருவாக்கிய ஒரு குழாயைப் பயன்படுத்தினார்கள். இரும்பு வளையங்கள் ஒன்றோடொன்று பொருந்தி வளைந்துகொடுக்கும் குழாய் அது. மேலே ஒரு படகு, கீழே ஓர் எஃகு அறை, அதில் ஐந்தடி அகலமுள்ள கண்ணாடிச் சன்னல். கேமராக்காரர் குழாய் வழியாக இறங்கிப் போய், சட்டை நனையாமல் உட்கார்ந்து, வெளியே நடப்பதைப் படம்பிடிக்கலாம். தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருக்க வேண்டும் என்பதால் பஹாமாஸ் தீவுகளுக்குப் போனார்கள். படத்தின் தொடக்கத்தில் வெர்னின் படத்துக்கு அடுத்து இந்தச் சகோதரர்கள் திரையில் தோன்றுகிறார்கள்.

ஆனால் பஹாமாஸ் ஆளில்லாத தீவல்ல. அப்போது பிரிட்டிஷ் காலனி. மக்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். கடற்பஞ்சு எடுப்பது, மூழ்குவது, படகோட்டுவது எல்லாம் அவர்கள் தொழில். நசாவு துறைமுகத்தில் பயணிகள் எறியும் காசுகளை மூழ்கி எடுக்கும் சிறுவர்களைத்தான் வில்லியம்சன் சகோதரர்கள் 1914இல் தங்கள் முதல் கடலடிப் படத்தில் பதிவு செய்தார்கள். அந்தப் படத்தின் புகழ்பெற்ற காட்சி சுறாவோடு நடக்கும் சண்டை. உள்ளூர் மூழ்காளர்கள் கத்தியோடு இறங்கினார்கள், ஆனால் மோதல் கேமராவின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் போய்விட்டது. கடைசியில் ஜான் வில்லியம்சனே இறங்கிச் சுறாவைக் கொன்றதாக அவர் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனாலும் சுறாவைக் கத்தியால் எதிர்கொள்வது எப்படி என்பதை அவர் யாரைப் பார்த்துத் தெரிந்துகொண்டார் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

1916 படத்தில் ஒரு காட்சி இருக்கிறது. முத்துக்குளிக்க இறங்கிய ஒருவரை ராட்சத ஆக்டோபஸ் பிடித்துக்கொள்கிறது. நீமோ மூழ்கு உடையில் கோடாரியோடு போய் அவரைக் காப்பாற்றுகிறார். ஆக்டோபஸ் வில்லியம்சன் செய்த இயந்திரம். அன்றைய பார்வையாளர்கள் அதை நிஜமென்றே நினைத்து வியந்தார்கள்.

இந்தக் காட்சியின் வேர் நம் ஊர்ப் பக்கம்தான். நாவலில் இது நடப்பது மன்னார் வளைகுடாவில். நாட்டிலஸ் இலங்கைக் கரையோரம் நிற்கிறது. நீமோவும் விருந்தினர்களும் சலாபம் என்ற முத்துக்குளிப்புப் பருவம் தொடங்கும் முன்பே சிப்பிகள் படிந்த கடலடிப் பார்களைப் பார்க்க இறங்குகிறார்கள். அப்போது ஓர் ஏழை, பருவம் வருமுன் வயிற்றுப்பாட்டுக்காகத் தனியாக முத்துக்குளிக்க வந்திருக்கிறார். கூம்பு வடிவக் கல்லைக் காலால் பற்றிக்கொண்டு இறங்குகிறார், சிப்பிகளை வாரிக்கொண்டு ஏறுகிறார், மறுபடி இறங்குகிறார். மன்னாரிலும் தூத்துக்குடியிலும் முத்துக்குளித்தவர்கள் கல்லின் கனத்தில்தான் இறங்கினார்கள் என்பதால் வெர்னின் வர்ணனையில் உண்மை இருக்கிறது. அங்கே சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் கடல்கட்டிகளை முதலில் அழைத்துத்தான் சலாபமே தொடங்கும். இந்த ஏழைக்குக் கடல்கட்டி யாருமில்லை. சுறா வருகிறது. நீமோ கத்தியோடு பாய்கிறார், நெட் லேண்டின் ஈட்டி சுறாவைக் கொல்கிறது. மூர்ச்சை தெளிந்தவர் கையில் நீமோ ஒரு பை நிறைய முத்தைத் திணித்துவிட்டுப் போகிறார். பிறகு அரோனாக்ஸிடம் சொல்கிறார்: அந்த மனிதர் ஒடுக்கப்பட்டவர்களின் நாட்டைச் சேர்ந்தவர், கடைசி மூச்சுவரை நானும் அந்த நாட்டுக்காரன்தான்.

நாவல் முழுவதிலும் நீமோ தான் யார் என்பதை வெளிவிடும் மிக முக்கியமான இடம் இதுதான். முத்துக்குளிப்பவர் அங்கே வேடிக்கைப் பொருளல்ல. நீமோவின் மனத்தைத் திறக்கும் சாவி. படம் அவரை மன்னாரிலிருந்து எடுத்து, பெயரில்லாத தீவொன்றின் 'பழங்குடி'யாக்கி, சுறாவுக்குப் பதில் ஆக்டோபஸைக் கொடுத்துவிட்டது. அரசியல் போய் சாகசம் மட்டும் மிஞ்சியது. நடிகர் பட்டியலில் அரோனாக்ஸின் மகளாக நடித்த எட்னா பெண்டில்டன் வரை பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. முத்துக்குளிப்பவரை அதில் தேடினால் கிடைப்பதில்லை.

நெப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாவலில் அவர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர். தன் முன்னாள் எஜமானரைத் தேடி உயிரைப் பணயம் வைத்து எதிரிகளின் ஊருக்குள் நுழைகிறவர். வெர்ன் அவரை ஓர் ஒராங்குட்டானோடு ஜோடி சேர்த்து நகைச்சுவை செய்வதைப் படிக்கையில் இன்றைக்கு வயிறு எரிகிறது. ஆனாலும் அங்கே அவருக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது. படத்தில் அவர் ஹார்டிங்கின் வேலைக்காரர், அவ்வளவுதான். இதே 1916இல்தான் யூனிவர்சல் படங்களில் நடித்துவந்த நோபிள் ஜான்சன் என்ற கறுப்பின நடிகர் தன் சகோதரரோடும் நண்பர்களோடும் சேர்ந்து லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனியைத் தொடங்கினார். கறுப்பினத்தவரை மனிதர்களாகக் காட்டும் படங்கள் வேண்டும் என்பதற்காக. பிறகு அவரே 1924இல் பஸ்டர் கீட்டனின் கடல் நகைச்சுவைப் படத்தில் நரமாமிசம் தின்னும் கூட்டத்தின் தலைவனாக வந்து நிற்க வேண்டியிருந்தது. பிழைப்பு.

பெண்கள் விஷயத்தில் படம் நாவலைவிடக் கொஞ்சம் தாராளம். இரண்டு நாவல்களிலும் பெண்களே கிடையாது என்று சொல்லிவிடலாம். படம் மூன்று பேரைக் கொண்டுவந்தது. ஆனால் ஒருத்தி ஆவி, ஒருத்தி காட்டுப்பெண், ஒருத்தி அப்பாவின் பின்னால் நிற்கும் மகள்.

இவ்வளவு குறை சொன்னபிறகும் எனக்கு இந்தப் படத்தின் மேல் மதிப்பு குறையவில்லை. காரணம், அதற்குப் பின் வந்தவை. மேசனின் நீமோ நாடற்றவர். 1961இல் 'மர்மத் தீவு' படத்தில் ஹெர்பர்ட் லோம். 1997இல் இரண்டு தொலைக்காட்சிப் படங்கள் வந்தன, மைக்கேல் கெயினும் பென் கிராஸும். நீமோவின் இந்தியத்தன்மை தொந்தரவு என்று ஒதுக்கிவிட்டார்கள். ஹாலிவுட் பெரும்படம் ஒன்றில் நசீருதீன் ஷா தாடியும் தலைப்பாகையுமாக நீமோவாக வந்தது 2003இல், 87 ஆண்டுகள் கழித்து. 2024இல் 'நாட்டிலஸ்' தொடரில் ஷசாத் லதீஃப். 1916இல் சாயம் பூசியாவது கதாபாத்திரத்தை இந்தியராக வைத்திருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் சாயத்தைத் துடைத்தபோது இந்தியரையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள்.

2016இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இந்தப் படத்தைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. காப்புரிமை முடிந்த படம், இணையத்தில் யாரும் பார்க்கலாம். பார்க்கிறவர்கள் நீமோவின் அடக்கத்தை மட்டும் அவசரமில்லாமல் பாருங்கள். கனத்த தலைக்கவசம் மாட்டிய மூழ்காளர்கள் அவர் உடலைச் சுமந்து பஹாமாஸின் கடல்தரையில் மெல்ல நடக்கிறார்கள், மணலைத் தோண்டிப் புதைக்கிறார்கள். காலடியில் மணல் புகைபோல் எழும்புகிறது. கவசத்துக்குள் இருப்பவர்களின் முகம் எதுவும் தெரியவில்லை.